நாலாவது கிரகத்துக்கு இடமில்லை

ஒரு பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாயை இடம் மாற்றி வைத்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்துதான் செய்தேன்! பிறகு அவள் தகப்பன் வந்து என் முகத்துக்கு நேராக நின்று கேட்டபோதும் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்கிறீர்களா? எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், வீரபாண்டித் திருவிழாவுக்கு நீங்களும் வந்திருக்கலாம். ராட்டினத்துக்கும் வளையல் கடைகளுக்கும் நடுவில், ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று சிவப்பு எழுத்தில் தட்டி கட்டிய கொட்டகையில் நீங்களும் வரிசையில் நின்றிருக்கலாம். உங்கள் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் கேட்டு விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தானே ஓர் ஒல்லிப் பையன்... கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிய மேதாவி மாதிரி... அவன்தான் நான். நீங்கள் என்னை ‘சார்’ என்று கூப்பிட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும் செய்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

மதுரையில் கணக்குப் பட்டம் வாங்கி, ஒரு பயிற்சி நிலையத்தில் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கற்றுக்கொண்டு, வேலை எதுவும் கிடைக்காமல் தேனிக்குத் திரும்பியிருந்த நேரம் அது. கடைவீதியில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஒரு கம்ப்யூட்டரையும், ஊசியால் குத்திக் குத்தி எழுதும் ஒரு பிரிண்டரையும் அவர் வாங்கி வைத்திருந்தார். திருவிழாவில் ஜாதகம் அடித்துக் கொடுக்கலாம் என்பது அவர் திட்டம். அண்ணாச்சி வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஜாதகத்தில் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என்னிடம் ஒன்று சொன்னார்.

“நமக்கு நம்பிக்கை இருக்கு இல்ல, அது வேற பேச்சு தம்பி. கேக்குறவுகளுக்குச் சரியாக் குடுக்கணும். ரேடியோ ரிப்பேருக்கு வந்தா அது என்ன பாட்டுப் பாடுதுன்னா பாக்குறோம்? ஒழுங்காப் பாடுதான்னுதான பாக்குறோம்!”

ஒழுங்காகத்தான் பாட வைத்தேன்... முதலில்! பஞ்சாங்கக் கணக்கை மிஷினுக்குள் ஏற்ற ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்தேன். எந்தக் கிரகம் எந்த ராசியில் நிற்கிறது என்று அது கண்டுபிடிப்பதில் பிழையே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கணக்கு சுத்தம். பாவம் வேறிடத்தில் இருக்கிறது.

பன்னிரண்டு ராசிகளும் மிஷினுக்குள் ஓர் அர்ரேயாக இருந்தன. அர்ரே என்றால் பயப்பட வேண்டாம். மளிகைக் கடையில் எண் போட்டு வரிசையாக அடுக்கிய டப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த டப்பாவில் எந்தக் கிரகம் கிடக்கிறது என்பது மிஷினுக்குத் தெரியும். ஆனால் அது தானாக வாயைத் திறந்து சொல்லாது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, உள்ளே இருப்பதை மனிதர் படிக்கும் எழுத்தாக்கித் தாளில் காட்டுவதற்கு ஒருவன் வழி எழுதித் தர வேண்டும். அந்த ஒருவன் நான்.

முதல் தடவை அடித்தபோது வெறும் எண்களாக வந்து விழுந்தன. அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே, இது என்ன லாட்டரி ரிசல்ட்டா?”

பிறகு கட்டம் போட்டு, கிரகங்களை இங்கிலீஷில் இரண்டு இரண்டு எழுத்தாக அடித்துக் காட்டினேன். அழகாகக் கட்டத்துக்குள் அடங்கிற்று. “இது போதும்ப்பா” என்றார் அண்ணாச்சி. நான்தான் போதாது என்றேன்! கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற விவசாயி இங்கிலீஷை எப்படிப் படிப்பான், தமிழில்தான் வரவேண்டும் என்று வாதாடினேன். அது கரிசனம் என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கரிசனமா அது... கர்வமா?

அந்த மிஷினுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன். ‘சூ’ என்ற ஓர் எழுத்தின் வாலைச் சுழிக்க ஒரு நாள் முழுதும் போயிற்று. ‘செவ்வாய்’ என்று முதன்முதலாகத் தாளில் முழுச் சொல்லும் வந்தபோது கடைக்குள் தனியாக நின்று கைதட்டினேன். எங்கள் பக்கத்தில் எவனும் கண்டிராத அதிசயத்தைச் செய்துவிட்ட நினைப்பு எனக்கு!

எழுத்து பெரிதாக இருந்தது. அதுதான் வினை. ஒரு கட்டத்துக்குள் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று பெயர்தான் நிற்கும். ஒரே ராசியில் நாலு கிரகம் கூடினால் பிரிண்டர் பாதியில் நின்றுவிடும். எப்போதாவதுதான் அப்படி நேரும் என்றாலும், நேரும். அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “அப்ப தமிழை விட்ரு. இங்கிலீஷ்லயே அடி. கட்டத்துக்குள்ள அஞ்சாறு பேரு தாராளமா நிப்பாக.”

“சரி அண்ணாச்சி” என்றேன். ஆனால் என் தமிழ் எழுத்துகளை அழிக்க மனம் வரவில்லை. திருவிழாவுக்கு முதல் நாள், யாரிடமும் சொல்லாமல், நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். கட்டத்தில் மூன்று பெயர் நிரம்பிவிட்டால், நாலாவதை அடுத்த கட்டத்தில் எழுது... அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் இடமில்லாத ஆளை அடுத்த பஸ்ஸில் வரச் சொல்வது போல ஒரு கிரகத்தை அனுப்பிவிட்டேன்! திருவிழா முடிந்ததும் எழுத்தைச் சின்னதாக வரைந்து சரிசெய்துகொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணாச்சியிடம், இடம் சரியாகிவிட்டது, தமிழிலேயே அடிக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

எந்தக் கிரகம் நாலாவதாக வரும்? அதை யோசித்தேனா? இல்லை. சுலபமான கணக்குகளை முதலில் போட்டேன்: சூரியன், சந்திரன், ராகு, கேது, பிறகு புதன், சுக்கிரன். செவ்வாயின் கணக்கு சிக்கலானது என்று அவனைப் பின்னால் தள்ளியிருந்தேன். சூரியனும் புதனும் சுக்கிரனும் வானத்தில் ஒட்டிக்கொண்டே திரிகிறவர்கள். அந்த மூவர் கூடிய வீட்டுக்குச் செவ்வாய் வந்தால், இடமில்லாமல் வெளியே போகிறவன் செவ்வாய்தான். கணக்குப் படித்தவனுக்கு இது தெரியாதா? யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்!

திருவிழாவில் கூட்டம் அள்ளியது. அக்கினிச்சட்டி எடுத்தவர்கள் அப்படியே மஞ்சள் ஈரத்தோடு வந்து நின்றார்கள். மத்தியான வெயிலில், ஜெனரேட்டர் புகையில், காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர். அவர் மகள் ஈஸ்வரி. கூடவே சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். ஈஸ்வரிக்குப் பூ வைத்தாகிவிட்டது, ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை சின்னமனூரில் பள்ளிக்கூட வாத்தியார். அவரும் கொட்டகை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் விளையாட்டாகத்தான் வந்தார்கள்.

ஈஸ்வரி தன் விவரத்தைத் தானே சொன்னாள். வைகாசி மாதம், விளக்கு வைத்து வெகுநேரம் ஆகுமுன் பிறந்தவள். பிரிண்டர் சரசரவென்று ஓடியது.

“ஆத்தாடி! அய்யா, இங்கன வாங்க! எம் பேரைத் தமிழ்லயே அடிக்கிது!”

அந்தச் சந்தோஷம் இருக்கிறதே... என் வாழ்நாளில் என் வேலையை அப்படி ஒருவர் கொண்டாடியதில்லை. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். மாப்பிள்ளையின் தாயார் தாளை வாங்கினார். லக்னக் கட்டத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எண்ணினார். விரல் நின்றது.

“ஏழுல செவ்வா நிக்கிது.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஏழாம் இடம் கணவனின் இடம். அங்கே செவ்வாய் நின்றால் தோஷம். தோஷம் இல்லாதவனுக்கு அவளைக் கட்டி வைத்தால் அவன் உயிருக்கு ஆகாது... உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஈஸ்வரியின் தகப்பனார் பதறினார். “எங்க ஜோசியர் கணிச்சதுல அப்படி இல்லீங்களே! ஆறாமிடத்துல நாலு கிரகம் கூடி நிக்கிதுன்னுல்ல சொன்னாக!”

நாலு கிரகமா...? எட்டித் தாளைப் பார்த்தேன். ரிஷபக் கட்டத்தில் சூரியன், புதன், சுக்கிரன். அதற்குமேல் இடமில்லை. பக்கத்து மிதுனத்தில் செவ்வாய் மட்டும் தனியாக. ஒரு பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது.

“ஜோசியர் மனுசர்தான? ஒரு நேரம்போல இருக்குமா? மிஷினுக்குத் தப்புமா என்ன?” என்ற மாப்பிள்ளையின் தாயார், என் பக்கம் திரும்பினார். “ஏந்தம்பி, நீங்களே சொல்லுங்க. இதுல தப்பு வருமா?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ‘இருங்கம்மா, எழுத்துக்கு இடம் பத்தாம ஒண்ணு பக்கத்துக் கட்டத்துக்குப் போயிருச்சு’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் “சீக்கிரம் விடுங்கப்பா!” என்று சத்தம் போட்டார். இத்தனை பேருக்கு நடுவில், நான் செய்தது கோணல் என்று நானே சொல்வதா?

“மிஷின் தப்புப் பண்ணாதும்மா” என்றேன்.

உண்மைதான்! மிஷின் தப்பே செய்யவில்லை. அதன் வயிற்றுக்குள் செவ்வாய் ஆறாம் இடத்தில்தான் இருந்தான். அதன் வாயைக் கோணலாக எழுதியவன் நான். ஈஸ்வரி வாத்தியாரைப் பார்த்தாள். அவர் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூட, பயத்தில் உளறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். திருவிழா முடிந்து சில நாளில், அவள் தகப்பனார் தங்கள் ஊர் ஜோசியரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அண்ணாச்சி அன்று போடிக்குப் போயிருந்தார். ஜோசியரைப் பார்த்ததும் எனக்குப் பயம்தான். ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. பிடிபட்டுவிடுவேன், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த மனிதர் என் தாளைப் பார்த்ததுமே கூனிப்போனார். “நாங்க வாக்கியப் பஞ்சாங்கம் பாத்துக் கணிக்கிறது. சார் திருக்கணிதம் போட்டிருப்பாக. எல்லையில நிக்கிற கிரகம் ஒரு கட்டம் அங்கிட்டு இங்கிட்டு மாறும்... அப்படித்தான சார்?”

எனக்கு அவரே ஓர் ஏணியைச் சாத்திக் கொடுத்தார். நான் ஏறிக்கொண்டேன். “ஆமாங்க, திருக்கணிதம்தான்.”

தகப்பனார் நம்பிக்கை விடவில்லை. “சார், இன்னொருக்காப் பாத்துச் சொல்லுங்க. பிள்ள சோறே திங்க மாட்டேங்குது. மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னு சொல்லித்தான் விட்டாக. இது தப்புன்னு நீங்க சொல்லிட்டாப் போதும், வச்ச பூ வச்சபடி இருக்கும்.”

ஒரு வார்த்தை. அதுவும் என் வார்த்தை! நான் மிஷினைப் போடக்கூட இல்லை. “பாத்துட்டேங்க. அப்படித்தான் வருது” என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்று தப்பு என்று ஒப்புக்கொண்டால், திருவிழாவில் தாள் வாங்கிய அத்தனை பேரும் கடை வாசலில் வந்து நிற்பார்கள் என்ற பயமா? இடம் சரியாகிவிட்டது என்று ஏமாற்றியது அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா? எல்லாம்தான். ஆனால் அடியில் கிடந்தது வேறு. ஒரு ஜோசியரே என் முன்னால் கைகட்டி நின்றார். அந்த ருசி... அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை! கேவலம்தான். எழுதும்போதே கூசுகிறது.

அவர்கள் பஸ் ஏறிப் போன அன்றே எழுத்துகளைச் சின்னதாக வரையத் தொடங்கினேன். வடிவங்கள் ஏற்கெனவே கைவசம் இருந்ததால், பொழுது சாயுமுன் முடிந்துவிட்டது. கட்டத்துக்குள் ஐந்து பெயர் வசதியாக நின்றது. இவ்வளவுதானா வேலை! இதைத் திருவிழாவுக்கு முன்னால் செய்திருக்கக் கூடாதா?

ஊர் திரும்பிய அண்ணாச்சி புதுத் தாளைப் பார்த்தார். “எதுக்குத் தம்பி எழுத்தச் சின்னதாக்குன?”

“சும்மா... ஒரு அழகுக்காக, அண்ணாச்சி.”

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திருகாணி டப்பாவைத் தேடப் போய்விட்டார்.

ஆனியில் அந்த வாத்தியாருக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. ஈஸ்வரிக்கு வரன் வருவதும், ‘செவ்வாய்ப் பொண்ணு’ என்று தெரிந்து திரும்புவதுமாக வருடங்கள் போயின. திராட்சைப் பெட்டி ஏற்றி வருகிற லாரிக்காரர் ஒருவர் மூலமாக இதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தோஷத்துக்குத் தோஷம் பொருத்தி, மேகமலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிற, வயது கூடிய ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். அதைக் கேட்டு ‘அப்பாடா!’ என்றேன் நான். ஆம், வாய்விட்டே சொன்னேன்.

ஜாதகமே புரட்டு, புரட்டுக்குள் ஒரு பிழை நேர்ந்தால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டு என்னைத் தேற்றிக்கொண்டவன்தான். எனக்கு அது புரட்டு, சரி. அவளுக்கு அது அப்படி இல்லையே! அவள் வாழ்க்கையை அல்லவா அதை வைத்து முடிவு செய்தார்கள்?

நீங்களும் அந்தத் திருவிழாவில் தாள் வாங்கியிருந்தால், பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். எழுத்து பெரிதாக இருந்து, ஏதாவது ஒரு கட்டத்தில் மூன்று பெயர் நிரம்பியிருந்தால், அதற்கு அடுத்த கட்டத்தை நம்பாதீர்கள். இதை நான் அப்போதே ஒரு தட்டியில் எழுதிக் கடை வாசலில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு அவளே வந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் கடையில் தனியாக இருந்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர். நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

“சார், என்னையத் தெரியுதா? வீரபாண்டில... தமிழ்ல பேரு அடிச்சுக் குடுத்தீகளே... ஈஸ்வரி.”

நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். மழைக்காலத்தில் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் ஜீப் உருண்டு, புருஷன் போய்விட்டாராம். டிரான்சிஸ்டர் அவருடையது. அழாமல்தான் சொன்னாள்.

“அவுகளுக்கும் செவ்வா இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு. என் செவ்வா பெருசாம் சார். அதான் முழுங்கிருச்சுன்னு அவுக ஆத்தா சொல்றாக. இருக்கும்ல?”

அவளே தொடர்ந்தாள்.

“ஒண்ணு நெனச்சு ஆறுதல் பட்டுக்கிருவேன். நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லாம விட்டிருந்தா, அந்த வாத்தியாரையில்ல முழுங்கியிருப்பேன்! அவுக நல்லா இருக்காகளாம். ரெண்டு பிள்ளைகளாம். எல்லாம் ஒங்க புண்ணியம் சார்.”

புண்ணியம்...! என்னையா அவள் சொன்னாள்?

‘நீ யாரையும் முழுங்கவில்லை, அம்மா. உன் ஏழாம் இடத்தில் ஒன்றுமே இல்லை.’ இந்த ஒரு வாக்கியம் அவளுக்குச் சேர வேண்டியது. அவள் சொத்து அது. அதைக் கொடுத்தால் கொலைப்பழி அவள் தலையிலிருந்து இறங்கும். ஆனால் கூடவே இன்னொன்றும் போய்ச் சேருமே... ஒன்றுமில்லாததற்காக அந்த வாத்தியாரை இழந்தாய் என்பதும் சேருமே! எது அவளுக்கு நல்லது? அவளுக்காக யோசிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான் யோசித்தேன்.

“அந்தத் தாள்ல ஒரு...” என்று தொடங்கினேன்.

“பத்திரமா வச்சிருக்கேன் சார்!” என்றாள் சட்டென்று, முகம் மலர்ந்து. “கல்யாணப் பத்திரிகையிலகூட எம் பேரை நாலாவது எழுத்த விட்டு அடிச்சிட்டாக. ஒங்க தாள்லதான் ஒழுங்கா இருக்கு.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

டிரான்சிஸ்டரை மேஜைமேல் வைத்துவிட்டு, குழந்தையை இறக்கி என் முன்னால் நிறுத்தினாள். “இவளுக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க சார். என்னைய மாதிரி இருந்துரக் கூடாது.”

அடித்தேன். தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவளுக்கு இப்போது கட்டம் எண்ணத் தெரிந்திருந்தது. லக்னத்தில் விரலை வைத்து, அன்று அந்த அம்மாள் எண்ணியது போலவே ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஏழாம் கட்டம் காலியாக இருந்தது. பெருமூச்சு விட்டாள். பிறகும் சந்தேகம் தீரவில்லை.

“தப்பு எதுவும் வராதுல்ல சார்?”

“மிஷின் தப்புப் பண்ணாதும்மா” என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

அவள் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வாசல்வரை போனவள், திரும்பி நின்று தாளை மறுபடி பார்த்தாள். குறை சொல்கிறோமே என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

“எனக்கு அடிச்ச எழுத்து இன்னும் பெருசா, அழகா இருந்துச்சு சார்.”